நூற்றுப் பதினேழு

கோவில்பாளையம் தாண்டி
பஞ்சர் கடைப் பிரிவில் முடிகிறது மெயின் குழாய்.
அங்கிருந்து பூவேந்திரனும் நானும்
முப்பது மீட்டர் நாடாவை
அறுபது முறை நீட்டி அளந்தோம்.
வழியெல்லாம் மஞ்சள் பூசிய கற்கள்.
நீச்சல் குளம் என்று வரைபடம் காட்டிய இடத்தில்
மூன்று வெள்ளாடுகள்.
இருநூற்றுப் பன்னிரண்டு சைட்.
ஒன்பது வீடு.

எஸ்டிமேட் நாற்பத்தோரு லட்சம்.
ஒன்பதால் வகுத்தால்
வீட்டுக்கு நாலரை லட்சம்.
இருநூற்றுப் பன்னிரண்டால் வகுத்தால்
பத்தொன்பதாயிரத்துச் சொச்சம்.
அதே பள்ளம், அதே குழாய், அதே பில்லூர்த் தண்ணீர்.
குடிக்காதவர்களின் கணக்கையும்
யாரோ கட்டுகிறார்கள்.
அதை எழுத
எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

ராம்நகரில் ஆபீசுக்குப் பின்னால்
எண்பது சென்ட்.
கேட்டில் துருப்பிடித்த பூட்டு.
வாசலில் பஸ் நிற்கிறது,
சுவரோரம் சாக்கடை ஓடுகிறது,
அடியில் இருபத்தைந்து வருஷமாகக் குழாய்.
ஒரு குடம் பிடித்தவர் இல்லை.
உரிமையாளருக்கு அவசரமும் இல்லை.
காலி நிலத்துக்குத் தீனி போட வேண்டாம்,
சும்மா கட்டிவைத்தாலே கொழுக்கும்.
அதை ஒரு தாண்டு தாண்டி
இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி விழுந்தது ஊர்.

விழுந்த இடத்தில் லோகநாயகி.
கணபதியில் மோட்டார் காயில் கட்டுகிறவர்.
காலை ஆறேமுக்காலுக்கு ஸ்கூட்டியை எடுக்கிறவர்.
"சென்ட்டுக்கு மூணு லட்சம் கம்மின்னு வந்தமுங்க.
கொறஞ்சதைப் பெட்ரோல் பங்கு
மாசாமாசம் வாங்கிக்குது.
மிச்சம் லாரித் தண்ணிக்கு.
குழாய் எப்பங்க வரும்?"

டெண்டர், ஒப்புதல், தார் ரோடு வெட்ட அனுமதி
என்று வரிசையாகச் சொன்னேன்.
மோர் கொடுத்தார்.
லாரித் தண்ணீரில் கரைத்த மோர்.
அதற்கும் ஒரு விலை இருக்கிறது என்று
மனசு கணக்குப் போட்டது.

பக்கத்து சைட்டைக் காட்டினார்.
இடுப்பளவு சீமைக்கருவேலம்.
"போன வாரம் இதுலயிருந்துதான் பாம்பு வந்துச்சுங்க.
நூத்திப் பதினேழு. யாரோடதுன்னே தெரியல.
எந்தங்கச்சி பக்கத்துலயே கட்டோணும்கிறா.
ஆபீசுல தெரிஞ்சா சொல்லுங்க, கேட்டுப் பாக்கலாம்."

பூவேந்திரன் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தான்.
எனக்குத் தெரியும்.
இரண்டாயிரத்துப் பதினொன்றில்
சொசைட்டி லோன் போட்டு வாங்கியது,
என் மனைவி பேரில்.
பதிமூன்று வருஷத்தில்
ஒரு முறை வந்து பார்த்தேன்.
அன்றைக்கும் எதுவும் நடவில்லை.

"தெரிஞ்சவங்களோடதுதான்" என்றேன்.
"எவ்வளவு இருக்குமுங்க?"

நேற்று வரை ஒரு தொகை இருந்தது.
வாய் திறந்தபோது
ஆயிரத்து எண்ணூறு மீட்டர் குழாயும்
அதில் சேர்ந்துகொண்டது,
இன்னும் பள்ளமே தோண்டாத குழாய்.

லோகநாயகி கொஞ்ச நேரம் கருவேலத்தையே பார்த்தார்.
"அவ்வளவுங்களா...
அப்ப கருவலூர்ப் பக்கம்தான் பாக்கோணும்.
அங்க இப்பத்தான் கல்லு நடறாங்களாம்."

தம்ளரைக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினேன்.
கருவலூர் எத்தனை கிலோமீட்டர் என்று
பூவேந்திரன் கேட்கவில்லை.
நாடாவைத் துடைத்து
உறையில் போடாமல்
மடியிலேயே வைத்திருந்தான்.