ஆளுக்கு எழுபது

டவுன்ஹால் ரோட்டில்
ஏற்றுமதியில் கழித்துப்போட்ட குவியலுக்கு அடியில் கிடந்தது.
முழங்காலைத் தொட வந்து
யோசித்து நின்றுவிட்ட நீளம்.
முந்நூற்றைம்பது சொன்னான்.
ஒச்சம்மா வாய் கொடுத்து இருநூற்று எண்பது.
ஆளுக்கு எழுபது.
"போயும் போயும் கருப்பா?" என்று கேட்க
சிம்மக்கல் விடுதியில்
எங்கள் அம்மாக்கள் யாரும் இல்லை.

முதல் முறை ஒச்சம்மாவுக்கு.
கீழே லெக்கிங்ஸ் போட்டு நகைக்கடை இன்டர்வியூ.
"கருப்புலதான் சார் தங்கம் எடுப்பாத் தெரியும்"
என்றாளாம்.
மறுநாளே வரச் சொல்லிவிட்டார்கள்,
அரக்குச் சேலையில்.

ஜெயரூத் பெரிய வெள்ளிக்கு
மேலே ஒரு துப்பட்டாவைப் போர்த்திப் போனாள்.
ஈஸ்டர் முடிந்த செவ்வாய் துப்பட்டா இல்லை.
யாரோடு சினிமா என்று
இன்றுவரை நாங்கள் கேட்கவில்லை.

பெனாசிர் மேலூர் பஸ் ஏறும்போது
புர்காவுக்குள் போட்டிருந்தாள்.
கருப்புக்குள் கருப்பு.
தங்கை நிச்சயத்தில்
பெண்கள் மட்டும் இருந்த மாடியில்
ஒரு மணி நேரம் ஆட்டம்.
வீடியோ இருக்கிறது.
காட்டமாட்டோம்.

சித்திரையில் ஆற்றுக்குள் நெரிபட்டு நின்றோம்.
அழகர் கட்டியிருப்பது பச்சையா சிவப்பா என்று
ஊரே எக்கிப் பார்த்தது.
பெட்டிக்குள் கைவிட்டு எடுப்பதாம்,
கையில் வருகிற பட்டுதான் அந்த வருஷமாம்.
பச்சை வேண்டியவர்கள் உண்டு.
கருப்பு வேண்டி
ஒருவரும் நின்று நான் பார்த்ததில்லை.
எங்கள் பெட்டியில்
யார் கைவிட்டாலும் அதுதான் வருகிறது.
பார்க்கலாம், வருஷம் எப்படி என்று.

ஜூன் பதினொன்று என் முறை.
குடும்ப நீதிமன்றம்.
நல்ல காரியமா கெட்ட காரியமா என்று
எனக்கே பிடிபடாத நாளுக்கு
வேறு எந்த நிறத்தை எடுக்க?
வராந்தாவில் ஒரு பெரியவர்
செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.
"வக்கீலம்மா, ரெண்டாவது கோர்ட்டு எங்கிட்டு?"
திருத்தவில்லை நான்.
கையை நீட்டிக் காட்டினேன்.
அது நடுங்கவில்லை என்பதை
அவரோடு சேர்ந்து நானும் பார்த்தேன்.
மூன்று முறை பெயர் கூப்பிடுவார்கள்.
முதல் முறையிலேயே எழுந்துவிட்டேன்.

அதில் சால்னா தெரியாது.
பேனா மை தெரியாது, மாதக் கறை தெரியாது.
அழுது துடைத்த மூக்கும் தெரியாது.
மதுரை வெயில் மட்டும்
முதுகில் வெள்ளையாய் வளைத்து ஒரு கோடு இழுத்துவிடும்.
உப்பு.
ராத்திரி பக்கெட்டில் அலசும்போது
இது யாருடையது என்று
யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

இப்போது கொடியில் தொங்குகிறது.
காலையில் யாருக்கு என்று தெரியாது.
இடது கக்கத்தில்
இரண்டு விரல் அகலத்துக்குத் தையல் விட்டிருக்கிறது.
ஏய், ஊசி
கடைசியாக யார் எடுத்தது?