வரைபடத்துக்கு மாறானது

சூரிய மின்தகடு பூட்ட வந்த பெடியள்
முகட்டோரம் இருந்த குருவிக்கூட்டை
ஒரு கையால் வழித்துவிட்டு
மற்றக் கையால் சிலிக்கன் பூசினார்கள்.
"முட்டை இருக்கேல்லை, சேர்" என்றான் ஒருவன்,
நான் கேட்காமலே.

அவர்கள் விட்டுப்போன பொதிப்பலகை
கிணற்றடியில் பத்து நாள் கிடந்தது.
பதினோராம் நாள் சனிக்கிழமை.
வாளை எடுத்தேன்.

வீடு எனக்குப் புதிதல்ல.
பத்தொன்பது வருடத் தொழில்நுட்ப உத்தியோகம்.
அத்திவாரம் கண்டால் முதற்கட்டக் காசு,
சுவர் வளைமட்டம் வந்தால் அடுத்தது,
கூரைக்கு ஒன்று,
கதவு யன்னல் பூட்டிய பிறகு கடைசி.
அளவுநாடாவும் சிவப்புப் பேனையுமாய்
எத்தனை முற்றம் மிதித்திருப்பேன்.

குருவிக்கும் அதே ஒழுங்கு.
அடிப்பலகை ஐந்துக்கு ஐந்து.
முன்சுவர் எட்டங்குலம், பின்சுவர் ஒன்பது,
கூரை ஓட்டம் முன்னுக்கு.
நாலு மூலையிலும் நீர் வடிய ஆணித்துளை.
வாசலுக்கு ஏற்ற அலகு என்னிடம் இல்லை;
சின்னத் துளைகளாய் வட்டம் கட்டி
உளியால் தட்ட,
பத்து ரூபாய்க் குற்றியை விடக் கொஞ்சம் பெரிதாய்
ஒரு துண்டு கழன்று விழுந்தது.
அரம். பிறகு மண்தாள்.
விரல் இரண்டு போனது. போதும்.

வர்ணம் பூசவில்லை, மணம் பிடிக்காதாம்.
வாசலின் கீழே ஒரு குச்சி, வந்து நிற்க.
உள்ளே தும்பு பரப்பினேன், மெத்தென்று.
தண்ணீர்த்தாங்கித் தூணில்
றோட்டைப் பார்த்த வாசலோடு
நாலு திருகாணி.
ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற தவரூபி
"எப்ப குடிபூரல்?" என்றாள்.

ஒருவரும் குடிபூரவில்லை.
முதற்கிழமை ஒரு காகம்
குச்சியில் இருந்து உள்ளே எட்டிப் பார்த்தது,
நான் தளப் பரிசோதனைக்குப் போவதுபோல.
இரண்டாம் கிழமை முசுறு.
பிறகு சோளகம் எழும்பியது.
கோண்டாவில் புழுதி எல்லாம்
அந்த ஒற்றை வாசலால் நுழைந்து
இரவிரவாய்ப் பெட்டி ஊதியது,
போத்தல் வாயில் ஆரோ ஊதுகிற மாதிரி.

குருவிகள் இரண்டும்
எதிர்க்கம்பியில் இருந்துகொண்டு
எல்லாவற்றையும் பார்த்தன.

அந்தச் சத்தத்தில் நித்திரை கெட்டுக் கிடந்தபோதுதான்
மரிய கொறற்றியின் கோவை நினைவுக்கு வந்தது.
மயிலிட்டி. கடலில் இருந்து இருநூறு மீற்றர்.
"வடக்கால வேண்டாம், சேர்.
வாடைக்கு அடுப்பு நிக்காது.
கதவைக் கிழக்கால வைச்சுத் தாங்கோ."
"எல்லாருக்கும் ஒரே படம்தான், அம்மா,
மேலிடத்தில இருந்து வாறது" என்றேன்.

போன மார்கழியில் போனால்
வடக்கு வாசலைக் கல்லடுக்கி அடைத்து
கிழக்குச் சுவரை உடைத்து வைத்திருந்தாள்.
வெட்டு நேராகக்கூட இல்லை.
தேத்தண்ணி தந்தாள். குடித்தேன்.
அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.
குடித்துவிட்டு எழுதினேன்:
வரைபடத்துக்கு மாறானது.
கடைசிக் கட்டக் காசு இன்னும் நிற்கிறது.

விடிய ஏணியை வைத்தேன்.
திருகாணி நாலையும் கழற்றி
பெட்டியைக் கிணற்றுப்பக்கம் திருப்பினேன்.
குச்சியை அறுத்து எறிந்தேன்,
காகத்துக்கு நான் போட்ட கதிரை அது.
தவரூபி நித்திரை.
ஏணியை ஒருவரும் பிடிக்கவில்லை.

ஐந்தாம் நாள் கறுப்புக் கழுத்துச் சேவற்குருவி
வாசல் விளிம்பை நகத்தால் பற்றி
தலையை உள்ளே விட்டது,
எடுத்தது,
திரும்ப விட்டது.
உள்ளே போனது.
போய், நான் பரப்பிய தும்பை
வாய் வாயாய் வெளியே இழுத்து
எறியத் தொடங்கியது.

கிணற்றுக்கட்டு முழுக்கத் தும்பு.

அதற்குப் பிறகே பேடு வந்தது,
வாயில் ஒரு நீல நூல்,
எவருடைய கொடியில் இருந்தோ.

இன்றைக்கு ஞாயிறு. கந்தோர் பூட்டு.
கோவை இரும்பலுமாரியில்
மேலிருந்து இரண்டாம் தட்டில்.
சிவப்புப் பேனை சட்டைப் பையில்தான் இருக்கிறது.
தும்பைக் கூட்டி அள்ளுகிறேன்.
மேலே இருந்து இன்னும் விழுகிறது.