எழுதும் நேரம்

இருபது நொடி பார்.
பத்து நொடி எழுது.
காதுக்குள் ஒரு ஒலி: பார்.
இன்னொன்று: எழுது.
டார்ட்டு நகரத்துப் பிப்ரவரி.
வெளியே பனி விழுகிறது,
அதை யாரும் கணக்கெடுப்பதில்லை.

ஒருவழிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருட்டு.
காரெலும் நானும் முழங்கை இடிக்க உட்கார்ந்திருக்கிறோம்.
அந்தப் பக்கம் பதினொரு பிள்ளைகள்;
அவர்களுக்கு நாங்கள் வெறும் முகம்பார்க்கும் கண்ணாடி.
லீசு கிட்டே வந்து
ஆடுகிற பல்லை என் முகத்தில் பார்த்துவிட்டுப் போகிறாள்.
அதற்குக் குறியீடு இல்லை.

'த' என்றால் தனியே.
'அ' என்றால் அருகே, ஆனால் சேராமல்.
'சே' என்றால் சேர்ந்து.
யூஹான், ஐந்து வயது, ஓயாத சளி,
எட்டு நாளும் 'த'.
என் தாளில் த த த த,
இறுக மூடாத குழாய் போல.
காரெலின் தாளிலும் அதே சொட்டு.
உடன்பாடு தொண்ணூற்று நான்கு சதவீதம்.
பேராசிரியர் மாலே மகிழ்ந்துபோய்
எங்களுக்கு ஏலக்காய் ரொட்டி வாங்கிவந்தார்.
(நீலக் கட்டைகள் குறைந்துகொண்டே வருவதாக
ஆசிரியை புலம்பியது அன்றைக்குத்தான்.)

ஆனால் அந்தக் கையுறை.
எழுதிவிட்டு நிமிர்ந்தால்
யூஹான் அடுக்கிய கோபுரத்தின் உச்சியில்
சிவப்பாக ஒரு சின்னக் கையுறை. அவனுடையதல்ல.
மறுநாளும்.
யார் வைத்தது?
காரெலும் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பான்?
ஒரே ஒலிக்கு நிமிர்கிறோம்,
ஒரே ஒலிக்குக் குனிகிறோம்.
கண்டதில் மட்டுமா,
காணாததிலும் எங்களுக்குள் பிசகில்லை.

ஒன்பதாம் நாள்
எழுது என்றது காது.
நான் எழுதவில்லை.

லீசு தண்ணீர் குடிக்கப் போகிறாள்.
போகிற போக்கில், நடை நிறுத்தாமல்,
பையிலிருந்து எடுத்து உச்சியில் வைக்கிறாள்.
யூஹான் நிமிரவேயில்லை.
முதுகுக்குப் பின்னால் கைவிட்டு
ஒரு நீலக் கட்டையைத் தரையோடு தள்ளுகிறான்.
அவள் குனிந்து எடுத்துக்கொண்டு
குழாயடிக்குப் போய்விட்டாள்.
ஒரு பேச்சில்லை, ஒரு பார்வைகூட.
ஆறு நொடி இருக்கலாம். எண்ணத் தோன்றவில்லை.

என் தாளில் ஒரு கட்டம் வெறுமை.
காரெலின் தாளில் அதே கட்டத்தில் 'த'.
ஏன் வெறுமை என்று மாலே கேட்டார்.
பென்சில் முனை ஒடிந்துவிட்டது என்றேன்.
அவர் போனபின்,
பொய்யாகிவிடக் கூடாதே என்று,
மேசை விளிம்பில் வைத்து ஒடித்தேன்.