கோசோங்

இருபத்தொரு வருடமாக எடை போடுகிறேன்.
கோலக்கெட்டில் செம்பனை ஆலையின் வாசலில்
கண்ணாடிக் கூண்டு, ஒரு கணினி, சத்தம் போடும் விசிறி.
குலைகளோடு லோரி ஏறினால் ஓர் எண்.
கொட்டிவிட்டுத் திரும்பினால் இன்னோர் எண்.
இரண்டாவதற்குப் பக்கத்தில்
கோசோங் என்று எழுதுவேன். வெறும் வண்டி.

கிளினிக்கில் என்னை ஏற்றினார்கள்.
'புஷ்பவதி அனாக் பெரம்புவான் சின்னையா'
மைக்கில் என் பேர் மூன்று இடத்தில் உடைந்தது.
எடை எண்பத்திரண்டு. இடுப்பு நூற்றொன்று.
மூன்று மாதச் சர்க்கரை ஒன்பது புள்ளி எட்டு.
இனிப்பு நீர் என்றால் அப்பா வீட்டு வழி என்று
யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன்,
அவர் பேரை அவர்கள் கூப்பிட்டுவிட்டார்கள்.

மிஸ்ஸி ரொஹாயாத்தி
அட்டையின் பின்னால் ஒரு தட்டு வரைந்தார்.
பாதிக்குக் கீரை காய், கால் சோறு, கால் மீன்.
'இன்சுலின் நிறையவே இருக்கு அக்கா,
உடம்புதான் காது கொடுக்கவில்லை' என்றார் மலாயில்.

எனக்கு உடனே புரிந்தது.
பழம் பெருகும் மாதங்களில்
பாலிங் சாலை வரைக்கும் லோரி நிற்கும்.
காவலாளி விசில் ஊதுவான். இன்னும் ஊதுவான்.
கொதிகலன் இரைச்சலில் உள்ளே எவனுக்கும் கேட்காது.
வெயிலில் பழம் புளிக்கும்.
என் ரத்தம் அந்தச் சாலை.

'நடங்கள்' என்றார்.
'நடந்தால் தசை தானாகவே பின்கதவைத் திறந்துவிடும்,
விசிலுக்குக் காத்திருக்காது.'

அன்றிரவு சாப்பிட்டுக் கை கழுவி
குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நாய்களுக்காக.
மூன்றாவது விளக்குக் கம்பம் வரை போய்த் திரும்ப
எதிர்வீட்டு மங்களேஸ்வரி கதவைத் திறந்து கேட்டாள்:
'புருஷனோட சண்டையா?'
சோத்தோட சண்டை என்றேன்.

ஆ லெங் கடையில்தான் கஷ்டம்.
'தே ஓ கோசோங்' என்றதும்
டின்பால் கரண்டி அந்தரத்தில் நின்றது.
'யாருக்கு?'
முதல் வாரம் நனைந்த கயிற்றைக் குடித்தது மாதிரி.
அப்புறம் ஒருநாள்
தேயிலைக்கென்று ஒரு வாசனை இருப்பது தெரிந்தது.
அதற்குள் பதினோரு கிளாஸ் ஆகிவிட்டது.

சுங்கைப்பட்டாணியில் ஒரு கல்யாணம்.
கேசரி இரண்டு தடவை, பாயாசம்,
குளோப் ஜாமூனை எண்ணவில்லை.
விடிந்து விரலைக் குத்தினால் பதினான்கு புள்ளி ஒன்று.
மிஸ்ஸி கொடுத்த நோட்டில் அப்படியே எழுதினேன்.
இரண்டு டன் கூட்டிப் போடச் சொல்லி
ஆளுக்கு ஆள் கெஞ்சிய இடத்தில்
ஓர் எண்ணைக்கூடத் திருத்தாத கை இது.

கெஞ்சியவர்களில் ஒருவன் ஆரோக்கியம்.
இப்போது இடது காலில் இரண்டு விரல் இல்லை,
செருப்பில் பஞ்சு அடைத்து லோரி ஓட்டுகிறான்.
என் கிளாஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
டின்பால் அடியில் வெள்ளையாய்த் தங்கிய தன் தேநீரைக்
கலக்காமலே குடித்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
எடை போடுகிறவள்,
ஏற்றுகிறவளும் இல்லை இறக்குகிறவளும் இல்லை.
ஆனால் சீட்டை நீட்டும்போது
அவன் காலைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

போன வாரம் எட்டு புள்ளி ஒன்று.
எடை எழுபத்தொன்பது.
'பாகுஸ்' என்றார் மிஸ்ஸி, அடுத்த தேதியை எழுதினார்.
மாத்திரை அதே மாத்திரைதான்.
மூன்று கிலோ.
ஒரு குலையின் கால்பங்கு இருக்குமா?
மரத்தடியில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கினால் அவ்வளவு.
உதிரிப் பழத்தையும் நாங்கள் எடையில் சேர்ப்போம்.

இன்று மத்தியானம் மழை.
கால் தட்டு சோறும் பாதித் தட்டு கங்கோங்கும் தின்றுவிட்டு
நடக்க வேறு இடமில்லாமல்
கூரை போட்ட எடைமேடையில் ஏறினேன்.
அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பதினெட்டு மீட்டர்.
கண்ணாடிக்குள் திரை காட்டிக்கொண்டே இருந்தது:
எண்பது. எண்பது. எண்பது.
அது பத்துப் பத்தாகத்தான் எண்ணும்,
மூன்று கிலோ அதற்குத் தெரியாது.

ஒரு லோரி ஹாரன் அடித்தது.
இன்னும் நாலு நிமிஷம் இருக்கிறது என்று
கையைக் காட்டினேன்.