ரெண்டு ரியால் வேலை

வெள்ளிக்கிழமை, நிஸ்வா சந்தை.
ஆடுகள் சுற்றி முடித்த வட்டத்தில்
தல்லால் அதைத் தோளில் போட்டுச் சுற்றி வந்தானாம்.
நூற்றுப்பத்தில் தொடங்கிய கூவல்
இருநூற்று எண்பதில் நின்றது.
ஹமூத் அதைப் போர்வையில் சுற்றி
பிக்கப்பின் முன்சீட்டில் சாய்த்து, பெல்ட்டும் மாட்டி,
ஃபிர்க்கில் இருக்கும் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

'நீ இரும்பு தெரிந்தவன். சொல்.
இது என்ன? கம்?'

லேத்தை நிறுத்தினேன். கையைக் கழுவினேன்.
எதற்கென்று தெரியவில்லை, கழுவினேன்.

த்ரீ நாட் த்ரீ.
கழுத்து வளையத்தில் ஒரு கிரீடம், கீழே 1918.
போல்ட்டில் ஓர் எண், உடம்பில் ஓர் எண்,
மூக்கில் இரண்டுக்கும் உறவில்லாத மூன்றாவது.
கட்டையில் புது வார்னிஷ், அவசரத்தில் அடித்தது.
அதனடியில் ஒரு வெள்ளைப் பட்டையின் விளிம்பு,
மழித்த மீசைபோல.

தின்னரில் துணி நனைத்து நாலு தேய்ப்பு.
மெழுகு வைத்து அடைத்த குழியிலிருந்து
டி வந்தது. பிறகு பி.
ட்ரில் பர்ப்பஸ்.
கோவில்பட்டியில் என்.சி.சி.க்கு வந்ததும்
இதன் கூடப்பிறந்ததுதான்.
தோளில் ஏற்று, இறக்கு, திரும்பு.
சுடுவதைத் தவிர எல்லாம் செய்யும்.

ஆனால் போல்ட்டில் ஊசி இருந்தது.
புதுசு. இருக்கக்கூடாதது.

'அடுத்த மாதம் என் மகன் சைஃபுக்குக் கல்யாணம்.
மூன்று குண்டு. வானத்தைப் பார்த்து.
முதல் குண்டு அவன் சுடுவான்.'

குழலின் அடிப்பக்கம் மண்ணெண்ணெய் தடவி,
துடைத்து, சாக்பீஸ் பொடி தூவிக் காத்திருந்தேன்.
பம்பு உடம்பில் விரிசல் தேட நாங்கள் செய்வது.
ஹமூத் தன் டீயை எனக்கும் பாதி ஊற்றினார்.
பொடி மெல்ல நனைந்து
சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம் போட்டது.
வட்டத்தைச் சுற்றி மூன்று குத்து.
இரண்டு நெருங்கி,
ஒன்று தள்ளி.

என் இடது கட்டைவிரல் மடங்காது.
மூன்றாவது குத்து எப்போதும் நழுவும்.

நாலு வருடம் இருக்கும். நோன்பு மாதம், மதியம்.
முகம் நினைவில்லாத ஒருவன்
கோணியில் சுற்றிய குழாயைத் தந்து
பம்பு பைப், ஓட்டையை அடை என்றான்.
உள்ளே எட்டிப் பார்த்தேன்.
ஐந்து பள்ளங்கள் இடப்பக்கமாகச் சுழன்று போயின.
எந்தப் பம்புக்கும் தண்ணீரைச் சுழற்றி அனுப்பும் வேலை இல்லை.
தெரிந்தது. கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ரெண்டு ரியால் போயிருக்கும்.
கையில் கிடந்த துண்டு இரும்பைத் திருகி, அராவி,
நகம் தட்டாத அளவுக்கு வழவழப்பாக்கி
அன்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

'ஹமூத், சுட இது மாஃபி.
இந்த வட்டம் கன்னத்திலிருந்து ஒரு சாண்.
குண்டு முன்னால் போகுமுன்
இது பக்கவாட்டில் போகும்.
சுவரில் மாட்ட, தொண்ணூறு.
கிரீடமும் வருடமும் உண்மை,
அவற்றுக்காக இன்னும் பத்து.'

அவர் கத்துவார் என்று பார்த்தேன்.
வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
போர்வையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.
'அடைத்தவன் நல்ல வேலைக்காரன்' என்றார்.
'தல்லாலுக்கே தெரியவில்லை.'

வேலை நல்ல வேலைதான் என்றேன்.
குரல் வேறு யாருடையதோபோல வந்தது.

ஊசியைக் கழற்றி வைஸில் கடிக்கவிட்டு
இரண்டாக முறித்து ஸ்க்ராப் டப்பாவில் போட்டேன்.
கூலி வேண்டாம் என்றேன்.
கேட்காமல் ஐந்து ரியாலை மேஜையில் விரித்தார்.
விசிறிக் காற்றில் நோட்டு எழும்பியது.
மேலே வைக்க எதையோ தேடி
என் சென்டர் பஞ்சை எடுத்தார்.

வைப்பதற்கு முன்
அதன் முனையை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.