காரணம்: ஆறு

பதினொன்று பத்துக்குத் திரை கேட்டது:
வியாழன் டேப்பைப் போடு.

வியாழன் சீர்காழிக் கிளையில் இருக்கிறது.
இங்கே தீப்பிடித்தாலும் ஒன்று தப்பட்டும் என்று
வேறு ஊரில் வைக்கிற ஏற்பாடு.
தீயை நினைத்துப் போட்ட திட்டம்.
தண்ணீரை யாரும் எழுதவில்லை.
மண்ணியாறு சாலைமேல் போகிறதாம்,
மாயவரத்து பஸ்ஸெல்லாம் வைத்தீஸ்வரன்கோயிலோடு திரும்புகிறதாம்.
பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து
அட்டெண்டர் உப்பிலி போன் செய்தார்:
"மடியில கனம் மேடம், வழியில தண்ணி."

பீரோவில் மிச்சம் மூன்று.
திங்கள், ஓரம் கசங்கியது,
இரண்டு தடவை உள்ளே போய்
இரண்டு தடவையும் துப்பப்பட்டது.
செவ்வாய், பயிர்க் காப்பீட்டுத் தணிக்கைக்காக
தொடாதே என்று சிவப்பு மையில் நானே எழுதியது.
புது டேப் கேட்டு ஆடியில் அனுப்பிய இண்டெண்ட்
ஐப்பசி முடிந்தும் கும்பகோணத்தில் பரிசீலனையில்.

ஆக, புதன்.
நேற்று ராத்திரி நிரம்பியது.
சொருகினேன். திரை முகம் சுளித்தது:
இதற்கு இன்னும் ஆறு நாள் ஆயுள்.
சி என்றால் கைவிடு.
ஐ என்றால் பொருட்படுத்தாதே.

விரல் ஐ மேல் இருக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.
புதன்கிழமை பகல் இரண்டரைக்கு
கீழே மூன்றாவது கவுண்டரில்
நாற்பத்தோராயிரத்து அறுநூறு கட்டி
என் சங்கிலியை மீட்டேன்.
இந்த டேப்பின் நடுவில் எங்கேயோ
தையல்நாயகி, பாக்கி இல்லை
என்று ஒரு வரி இருக்கும்.

ஐ.

இனி ஒன்றேமுக்கால் மணி நேரம்
புதனும் வியாழனும் இருப்பது
சுற்றிக்கொண்டிருக்கிற ஒரே டிஸ்க்கில்.
பிரதி கிடையாது.
கரண்ட் போய், ஜெனரேட்டர் இருமி நின்று,
டிஸ்க் ஒருமுறை கிறீச்சிட்டால்
ஊரே செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பிவிடும்.
திருவாலியில் உரக்கடன் கட்டியவர் கட்டாதவர் ஆவார்.
ஆக்கூரில் குறுவைப் பணம் எடுத்தவருக்குக்
கையிலும் இருக்கும், கணக்கிலும் இருக்கும்.
எனக்கு
கழுத்தில் சங்கிலி, ஏட்டில் கடன்.

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.
விளக்கு ஒருதரம் மங்கியது.
யுபிஎஸ் நாலு தடவை கூவி அடங்கியது.
சங்கிலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டேன்,
என்னவோ திருட்டு நகை மாதிரி.

ஒன்று ஐந்துக்கு வெளியே வந்தது, சூடாக.
லேபிளை உரித்தேன், பாதிதான் வந்தது.
'பு' போகவே இல்லை.
அதன்மேலேயே வியாழன் என்று எழுதினேன்.

பதிவேட்டில்:
வியாழனுக்குப் பதில் புதன்.
காரணம் என்கிற கட்டம் ஒரு விரல் அகலம்.
ஆறு
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு
பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன்.

காலையில் கும்பகோணத்திலிருந்து போன்.
"காரணம் ஆறுன்னு போட்டிருக்கீங்க,
நம்ம படிவத்துல அஞ்சுதானே மேடம் இருக்கு?"