மூன்றாவது படி

என் பெயர் அவனுக்குத் தெரியும்.
இருந்தும் முப்பத்தோரு வருடம்
கண்ணாடி என்றுதான் கூப்பிட்டான்.
"ஏய் கண்ணாடி, தொடச்சிக்கினு பாருடா!"

அசோக் நகர் ஸ்டேடியம், கிழக்கு கேலரி,
மூன்றாவது படி, தூணுக்கு இடப்பக்கம்.
மடியில் பிஸ்கட் டின், டின்னுக்குள் ஒரு கூழாங்கல்.
செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு
பி டிவிஷன் ஆட்டம் பார்க்க யார் வருவார்கள்?
வேர்க்கடலைக்காரர், இரண்டு நாய்கள், சவரிராஜ்.
பௌரிங் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன்
நைட் டியூட்டியாகக் கேட்டு வாங்கிக்கொள்வான்,
பகலெல்லாம் லட்சுமிபுரம் யூனியனுக்கு வேண்டும் என்று.

திட்டுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தான்.
கோல்கீப்பரைக் கன்னடத்தில்.
சங்கத்துப் பெரிய மனிதர்களை இங்கிலீஷில்.
தமிழ் முழுக்க எனக்கு.
கொடியும் கையுமாகக் கோட்டோரம் ஓடும்போது
என் தாய்மொழி எவ்வளவு பெரியது என்று
அவன் வாயால்தான் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூற்றொன்று, செப்டம்பர்.
ஜெயித்தால் ஏ டிவிஷன்.
எண்பத்தெட்டாவது நிமிடம்,
மழை விட்டு அடித்த வெயில் நேராக என் கண்ணாடியில்.
இடப்பக்கமிருந்து வந்த பந்தை
ஜெயபாலன் தலையால் முட்டினான். வலை ஆடியது.
அதற்குள் என் கை மேலே போயிருந்தது.

டின் சத்தம் நின்றது.
வேலிவரை இறங்கி வந்தான்.
அன்று மட்டும் திட்டவில்லை.
"நெஞ்சத் தொட்டு சொல்லு கண்ணாடி" என்றான்.

பார்த்தேனா?
வெயிலைப் பார்த்தேன். ஒரு சிவப்புச் சட்டையைப் பார்த்தேன்.
மீதியைக் கை பார்த்துக்கொண்டது.

யூனியன் அப்புறம் மேலே போகவே இல்லை.
பையன்கள் செக்யூரிட்டி வேலைக்கும் துபாய்க்கும் போனார்கள்.
ஒரு வருடம் பதிவுப் பணம் கட்ட ஆளில்லாமல்
பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள்.
சவரிராஜ் வந்தான்.
ஆடாத அணிக்காக அதே படியில் உட்கார்ந்து
ஆடுகிற இரண்டு அணிகளுக்கும் பொதுவாக
என்னைத் திட்டினான்.

போன திங்கள், ஆஸ்டின் டவுன் குவார்ட்டர்ஸில்
ஃப்ரீசர் பெட்டிக்குள் யூனியன் சட்டையோடு படுத்திருந்தான்.
சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறம்.
பெட்டிமேல் கால்மாட்டில் யாரோ டின்னை வைத்திருந்தார்கள்.
கரண்ட் போய் வந்தபோது பெட்டி உதறியது,
கல் ஒருமுறை உருண்டது.
என்னை அறியாமல் நிமிர்ந்து நின்றேன்.

"நீங்கதான் கண்ணாடியா?" என்றார் பிலோமினா.
சாவு வீட்டில் சிரிக்கக் கூடாதென்று
முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.
"அந்தக் கோலு ஆஃப்சைடுதானாம்.
இவரு குந்தின படிக்கு நேருக்கு நேராம்.
ஒரு முழம் முன்னாடி நின்னுக்கினு இருந்தானாம் ஜெயபாலன்.
அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டாரு."

அப்புறம் ஏன், என்றேன்.

"நானும் கேட்டேன்.
எங்க பையனுக்கு எதிரா நானே சாட்சி சொல்றதான்னாரு."

கல்பள்ளியில் மண் ஈரமாக இருந்தது.
மூன்று பிடி போட்டேன்.
முதலில் கோபம்தான் வந்தது.
படுபாவி, ஒரு வார்த்தை.
கடலை வாங்க இறங்கும்போதாவது.
எத்தனை ராத்திரி எழுந்து உட்கார்ந்து
அந்தப் பந்தைத் திரும்பத் திரும்ப வரவைத்திருக்கிறேன்.

மறுநாள் செவ்வாய்.
எனக்கு இப்போது கொடி இல்லை, பென்ஷன் இருக்கிறது.
மூன்றாவது படியில் உட்கார மனம் வராமல்
நான்காவதில் உட்கார்ந்தேன்.
புதுப் பையன் ஒருவன் கோட்டோரம் ஓடினான்.
தப்பாகக் கொடி தூக்கினான், அல்லது சரியாக.
கேலரியில் ஒரு சத்தம் இல்லை.
கேட்பாரில்லாமல் கொடி தானே கீழே வந்தது.

எழுந்தேன்.
தொண்டையைக் கீறிக்கொண்டு வந்தது:
"ஏய் கண்ணாடி!"

பையன் திரும்பிப் பார்த்தான்.
அவன் கண்ணாடி போடவில்லை.